பழைய லேண்ட் க்ரூஸர்: பின்னால் பார்ன் டோரா, டெயில்கேட்டா?

கேள்வி இதுதான்: ஆஸ்திரேலியாவில் பெர்த்தில் இருக்கிற தம்பி ஒருவர் டொயோட்டாவின் 60 சீரிஸ் லேண்ட் க்ரூஸர் வாங்கப் பார்க்கிறார். இரண்டு வண்டி தோதாக வந்திருக்கின்றன. ஒன்று 1986 எச்ஜே60 டீசல், பின்னால் பார்ன் டோர். மற்றது 1989 எஃப்ஜே62 பெட்ரோல், பின்னால் டெயில்கேட். வீட்டில் மனைவி, இரண்டு பிள்ளைகள், வருஷத்தில் சில மாதம் ஊரிலிருந்து வந்து தங்குகிற அம்மா. வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போய்த் தங்குகிற கேம்பர் ட்ரெய்லர் ஏற்கெனவே இருக்கிறது. வண்டிக்குள் ஃப்ரிட்ஜ் ஒன்று வைக்கப் போகிறார். "விலை ஏறக்குறைய ஒன்றுதான் அண்ணா. பின்கதவை வைத்து முடிவெடுக்கலாமா? எது நல்லது? பிடிக்கவில்லை என்றால் பின்னால் மாற்றிக்கொள்ள முடியுமா?" என்று கேட்டிருக்கிறார்.

தாராளமாகப் பின்கதவை வைத்து முடிவெடுக்கலாம் தம்பி. இன்ஜின் விஷயத்தில் ஆளுக்கொரு கட்சி கட்டிக்கொண்டு சண்டை போடுவார்கள், அது தனிப் பஞ்சாயத்து. ஆனால் குடும்பத்தோடு வெளியே கிளம்புகிறவனுக்கு ஒரு நாளில் அதிகம் கை படுகிற இடம் ஸ்டீயரிங்குக்கு அடுத்தபடியாக டிக்கிதான். ஒன்று மட்டும் சொல்கிறேன். கதவை மட்டும் தனியாக எடுத்து வைத்து ஒப்பிட்டால் விடிய விடியப் பேசினாலும் முடியாது. அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன தொங்கப் போகிறது, உள்ளே என்ன உட்காரப் போகிறது என்று முதலில் தீர்மானியுங்கள். பாதிக் கேள்வி அங்கேயே தீர்ந்துவிடும்.

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை. பார்ன் டோர் என்பது பீரோவைப் போல இடமும் வலமுமாகத் திறக்கிற இரட்டைக் கதவு. டெயில்கேட் என்பது இந்த வண்டியில் குறுக்குவாட்டில் இரண்டாகப் பிரிந்த கதவு. கண்ணாடியுள்ள மேல்பாதி மேலே தூக்கும், கீழ்ப்பாதி வெளிப்பக்கம் சாய்ந்து தரைக்கு இணையாக நிற்கும். மேல்பாதியை மட்டும் தூக்கிக் கைப்பையோ தண்ணீர் பாட்டிலோ எடுத்துக்கொள்ளலாம். கீழ்ப்பாதியைத் திறக்க வேண்டுமானால் மேல்பாதியைத் தூக்கியே ஆக வேண்டும்.

60 சீரிஸ் 1980-லிருந்து 1990 வரை வந்தது. அந்தப் பத்து வருஷமும் டொயோட்டா இரண்டு விதக் கதவையும் போட்டுக்கொண்டே இருந்தது, எந்த நாட்டுக்கு எது என்பதுதான் மாறியது. சண்டை அதற்கும் பழையது. அமெரிக்காவில் செவர்லே சபர்பனுக்கு 1930-களிலிருந்தே இரண்டு விதமும் உண்டு. 2006 மாடல் வரைக்கும் வாங்குகிறவர் தன் விருப்பப்படி கேட்டு வாங்கினார். எழுபது வருஷம் ஒரே கம்பெனி இரண்டையும் விற்றிருக்கிறது என்றால் இரண்டுக்கும் உண்மையான ஆள் இருந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். உங்கள் நாட்டிலேயே லேண்ட் க்ரூஸர் 200 சீரிஸின் அடிமட்ட மாடலுக்குப் பார்ன் டோரும் மற்றவற்றுக்கு இரண்டாகப் பிரியும் டெயில்கேட்டும் கொடுத்தார்கள். 2021-ல் 300 சீரிஸ் வந்தபோது டெயில்கேட்டை ஒரே துண்டாக மேலே தூக்குகிற கதவாக மாற்றிவிட்டார்கள். உட்கார இடம் போச்சு என்று பழைய ஆட்கள் இன்னும் புலம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது உங்கள் வண்டிக்கு வருவோம். முதலில் ட்ரெய்லர், ஏனென்றால் உங்கள் கேள்வியில் எடை அதிகமுள்ள சொல் அதுதான்.

ட்ரெய்லரை மாட்டிவிட்டு வண்டிக்குப் பின்னால் போய் நின்று பாருங்கள். ட்ரெய்லரின் முன்முனையில் சின்னச் சக்கரம் வைத்த ஜாக்கி ஒன்று செங்குத்தாக நிற்கும், அதன் கைப்பிடி இன்னும் கொஞ்சம் மேலே போகும். டெயில்கேட்டின் கீழ்ப்பாதி சாயும்போது நேராக அதன் தலையில்தான் வந்து இறங்கும். சில ட்ரெய்லரில் முன்பக்கம் நீளம், தப்பித்துவிடும். பலதில் இடிக்கும். பாதி சாய்ந்த நிலையில் கதவு ஜாக்கியில் உட்கார்ந்தால், அடுத்த முறை ட்ரெய்லர் ஒரு குழியில் இறங்கி ஏறும்போது அந்தத் தகடு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. வழியில் பிள்ளைக்குப் பசிக்கிறது, சாப்பாட்டுப் பெட்டி அடியில் இருக்கிறது என்றால் ட்ரெய்லரைக் கழற்றவா முடியும்? மேல்பாதியைத் தூக்கி, கீழ்ப்பாதியின் விளிம்பில் வயிற்றை வைத்து மடிந்து, தலைகீழாகத் தொங்கித்தான் எடுக்க வேண்டும்.

பார்ன் டோர் பக்கவாட்டில் சுழல்வதால் ஜாக்கியின் தலைக்கு மேலேயே போய்விடும் வாய்ப்பு அதிகம். அப்படியே தட்டினாலும் ஒரு கதவைத்தான் தட்டும், மற்றது திறக்கும். ஆனால் இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இரட்டைக் கதவில் எதை வேண்டுமானாலும் முதலில் திறந்துவிட முடியாது. ஒன்று முதல் கதவு, கைப்பிடியும் பூட்டும் அதில் இருக்கும். மற்றது மேலும் கீழும் தாழ்ப்பாளோடு அடங்கியிருக்கும், முதல் கதவு திறந்த பிறகுதான் அதன் தாழ்ப்பாளை விலக்க முடியும். ஆகவே ட்ரெய்லரின் ஜாக்கி எந்தப் பக்கம் தள்ளி நிற்கிறது, முதல் கதவு எந்தப் பக்கம் என்று பாருங்கள். இரண்டும் ஒரே பக்கமாக அமைந்துவிட்டால் பார்ன் டோரின் பலன் பாதியாகக் குறைந்துவிடும்.

அடுத்தது ஸ்டெப்னி. 60 சீரிஸில் அது டிக்கிக்கு அடியில், சங்கிலியில் தொங்குகிறது. கம்பியை விட்டுச் சுற்றினால் இறங்கும். கம்பெனி கொடுத்தபடியே இருந்தால் பின்கதவுக்கும் ஸ்டெப்னிக்கும் சம்பந்தமே இல்லை, அது இந்த வண்டியின் பெரிய வசதி. அதற்கு முந்தைய லேண்ட் க்ரூஸரான எஃப்ஜே40-ல் ஸ்டெப்னி பின்னால் தொங்கும். அங்கே எந்தக் கதவாக இருந்தாலும் முதலில் ஸ்டெப்னி மாட்டிய இரும்புக் கையை விலக்கித்தான் ஆக வேண்டும்.

சிக்கல் எப்போது வருகிறது என்றால், நீண்ட தூரத்துக்காக அடியில் இரண்டாவது டேங்க் வைக்கும்போது, அல்லது பெரிய டயர் மாட்டி அது கீழே அடங்காதபோது. மணலில் வண்டி வயிறு தட்டி உட்கார்ந்தால் அடியில் இருக்கிற ஸ்டெப்னியை எடுக்கவே முடியாது என்பதும் உண்மை. அப்போது ஆட்கள் கனமான பின்பம்பர் ஒன்றைப் போட்டு, ஒரு கையில் ஸ்டெப்னி, மறு கையில் ஜெர்ரி கேன் என்று இரண்டு சுழல்கைகள் வைக்கிறார்கள். டெயில்கேட் வண்டியில் இப்படி இரண்டு கை போட்டால், ஒரு டப்பா பால் எடுக்க இடக்கையைத் திற, வலக்கையைத் திற, மேல்பாதியைத் தூக்கு, கீழ்ப்பாதியைச் சாய் என்று நாலு வேலை. மூடும்போது மறுபடி நாலு. பார்ன் டோரில் முதல் கதவு இருக்கிற பக்கத்துக் கையை மட்டும் விலக்கி ஒரு கதவைத் திறந்தால் போதும். அதனால் அடிக்கடி எடுக்கிற சாமானை அந்தப் பக்கம் வையுங்கள், கனமான ஸ்டெப்னியை எதிர்ப்பக்கக் கையில் மாட்டுங்கள். பலர் இதை யோசிக்காமல் பம்பரை ஆர்டர் செய்துவிட்டு, தினமும் 40 கிலோவுக்கு மேல் எடையுள்ள டயரை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருக்கிறார்கள்.

நிஸான் பேட்ரோல் ஒய்60 வைத்திருக்கிறவர்கள் ஸ்டெப்னியைக் கதவிலேயே தொங்கவிடுகிறார்களே என்று கேட்பீர்கள். அந்தக் கதவின் கீலும் தகடும் அதற்கென்று செய்தவை. அப்படியும் பெரிய டயரை மாட்டி மண்ரோட்டில் அடித்தால் கீல் ஓரத்தில் விரிசல் விழும். 60 சீரிஸ் பார்ன் டோரில் அந்த ஆசை வேண்டாம்.

ஃப்ரிட்ஜ் விஷயத்தில் பார்ன் டோருக்குத்தான் என் ஓட்டு, யோசிக்கவே வேண்டாம். டெயில்கேட் சாய்ந்து நின்றால் உங்களுக்கும் டிக்கிக்கும் நடுவே ஒரு முழத்துக்கும் மேல் இடைவெளி விழுந்துவிடுகிறது. ஃப்ரிட்ஜை ஸ்லைடில் வைத்து வெளியே இழுத்தால் அது டெயில்கேட்டின் மேலேதான் வந்து நிற்கும். மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்க்க உயரம் வேண்டும். நிரப்பிய ஃப்ரிட்ஜ் 40 கிலோவைத் தொடும். 20 லிட்டர் தண்ணீர் கேன் என்றால் கேனோடு சேர்த்து 20 கிலோவுக்கு மேல். இவற்றை உடம்போடு அணைத்துத் தூக்கினால் ஒன்றும் தெரியாது. கையை நீட்டி, முதுகை வளைத்து, எட்டித் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். பார்ன் டோரில் பம்பர் வரைக்கும் போய் நின்று சாமானை நெஞ்சோடு சேர்த்து எடுக்கலாம். வீட்டில் சமையல் பொறுப்பு யாருடையதோ அவரை இரண்டு வண்டிக்கும் கூட்டிப்போய், டிக்கியின் உள்மூலையில் ஒரு குக்கரை வைத்து எடுக்கச் சொல்லுங்கள். உங்கள் கருத்தைவிட அந்தக் கருத்து முக்கியம்.

பார்ன் டோரின் உள்பக்கத்தில் மடக்கு மேஜை ஒன்றை அடித்துக்கொள்ளலாம் என்பதும் ஒரு லாபம். ஆஸ்திரேலியாவில் இது சாதாரணமாகக் கிடைக்கிறது. வெங்காயம் நறுக்க, அடுப்பு வைக்க ஏற்ற உயரத்தில் நிற்கும். அதன் மேல் உட்காரக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

இவ்வளவு சொன்னதால் டெயில்கேட் மட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். அதன் சுகமே வேறு.

மேல்பாதியைத் தூக்கி நிறுத்தினால் ஒரு கூரை கிடைக்கிறது. மழை தூறும்போது அதன் கீழ் நின்று ஷூவை மாற்றலாம், ஃப்ளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றலாம். கீழ்ப்பாதி உட்காரும் திண்ணை. கடற்கரையில் வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டு, அம்மாவை அதில் உட்காரவைத்துக் காலில் ஒட்டிய மணலைத் தட்டிவிடும்போது அதன் அருமை தெரியும். மடக்கு நாற்காலி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் முட்டிவலி உள்ளவருக்கு ரொம்பத் தாழ்வு. டெயில்கேட்டின் உயரத்தில் ஏறி உட்கார்வது அவருக்குக் கொஞ்சம் சிரமம், எழுந்துகொள்வது சுலபம். கீழே ஒரு சின்ன முக்காலி போட்டால் ஏறுவதும் சரியாகிவிடும். 1970-ல் வந்த ரேஞ்ச் ரோவர் இந்த இரண்டாகப் பிரிந்த கதவை இன்றைக்கு வரைக்கும் விடாமல் வைத்திருப்பது, வாங்குகிறவர்கள் அதில் உட்காரப் பிரியப்படுவதால்தான் என்பது என் எண்ணம்.

பின்னால் பார்ப்பதற்கும் டெயில்கேட்தான். முழு அகலக் கண்ணாடி, நடுவில் தடை இல்லை. பார்ன் டோரில் இரண்டு கதவும் சேருகிற இடம் நட்டநடுவில் ஒரு தூணாகவே நிற்கும். கண்ணாடியில் பார்க்கும்போது தூரத்தில் வருகிற ஒரு மோட்டார் சைக்கிள் அதில் முழுசாக மறைந்துவிடும். ஆனால் டிக்கி நிறையச் சாமான், பின்னால் ட்ரெய்லர் என்றானபின் எந்தக் கண்ணாடியிலும் ஒன்றும் தெரியப் போவதில்லை. ஒரு கேமரா மாட்டினால் இந்த வாதம் முடிந்தது.

டெயில்கேட்டின் மேல்பாதியைத் தாங்குவது இரண்டு கேஸ் ஷாக். பழசானால் பலம் குறையும், குளிர்காலத்தில் இன்னும் குறையும். திடீரென்று தலையில் இறங்கும். விலை அதிகமில்லை, வண்டி வாங்கின வாரமே மாற்றிவிடுங்கள். உயரமானவர்களுக்கு அந்தக் கதவின் மூலை சரியாக நெற்றிக்கு நேராக நிற்கும் என்பதற்கு மட்டும் மருந்து கிடையாது. கூரையில் டென்ட் போடுகிற எண்ணம் இருந்தால் அளந்து பாருங்கள். டென்ட் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால் மேல்பாதி முழுசாகத் திறக்காது.

பார்ன் டோருக்கு எதிரி காற்றும் சரிவும். பக்கவாட்டில் சரிந்த இடத்தில் நிறுத்தினால் ஒரு கதவு தானாக வந்து மூடப் பார்க்கும், இன்னொன்று தானாகத் திறந்து ஓடப் பார்க்கும். கடற்கரைக் காற்றில் ஒரு கதவு அடித்துச் சாத்தினால் விரல் போய்விடும், பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இது விளையாட்டில்லை. திறந்த கதவைப் பிடித்து நிறுத்துகிற தாங்கி நன்றாக வேலை செய்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒரு கொக்கியும் பட்டையும் போட்டுக்கொள்ளுங்கள். மழைக்குக் கூரை கிடையாது, அதற்குப் பின்பக்கம் விரிக்கிற தார்ப்பாய் ஒன்று வேண்டும். மற்றபடி, சுவரை ஒட்டி நெருக்கமாக நிறுத்திய இடத்தில் ஒரு கதவை மட்டும் கொஞ்சம் திறந்து கையை விட்டு எடுக்க முடிவது பார்ன் டோரில் மட்டும்தான்.

புழுதி. ஆஸ்திரேலியாவில் இதைப் பேசாமல் முடிக்க முடியாது. "பார்ன் டோரில் புழுதி வராது" என்று ஒருவர் சொல்வார், "டெயில்கேட்டில் வராது" என்று இன்னொருவர் சத்தியம் செய்வார். இரண்டு பேரும் தங்கள் வண்டியின் கதவோர ரப்பரைப் பற்றிப் பேசுகிறார்கள், கதவைப் பற்றி இல்லை. நடப்பது இதுதான்: பெட்டி மாதிரி வடிவமுள்ள வண்டி ஓடும்போது அதன் முதுகுக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைகிறது. சக்கரம் கிளப்பிய புழுதியும் சைலன்ஸர் விடும் புகையும் அந்த இடத்தில்தான் சுழல்கின்றன. கதவோரத்தில் ஒரு நூல் இடைவெளி இருந்தாலும் உள்ளே இழுத்துக்கொள்ளும். டெயில்கேட்டில் அந்த இடைவெளி பெரும்பாலும் கீழ் மூலைகளில் விழும். ஏற்றி இறக்குகிற சாமானும் ஏறி உட்காருகிற ஆட்களும் அந்த ரப்பரைத்தான் நசுக்குகிறார்கள். பார்ன் டோரில் கீல் தேய்ந்து கதவு ஒரு விரற்கடை தொங்கினாலே போதும், நடுவில் சேருகிற கோட்டின் மேல்முனை பிளக்கும். உங்கள் மாநிலத்தின் வடக்கே கிம்பர்லியில் கிப் ரிவர் ரோடு மாதிரி 660 கிலோமீட்டர் வரிவரியான மண்சாலையில் போய் வந்தால் எந்த ரப்பர் செத்தது என்று உங்கள் தலையணை சொல்லிவிடும். ஜன்னல்களை மூடி, வெளிக்காற்றை உள்ளே தள்ளும்படி ஃபேனை வேகமாக வைத்தால் உள்ளே அழுத்தம் கூடி வரத்து குறையும். எதிரே லாரி வரும்போது மட்டும் ஒரு நிமிஷம் வெளிக்காற்றை அடைத்துவிடுங்கள்.

புகையைப் பற்றி ஒரு எச்சரிக்கை, இதில் இரண்டு கதவுக்கும் வித்தியாசமில்லை. நீளமான மரச்சட்டமோ ஏணியோ ஏற்றிப் பின்கதவைத் திறந்தபடி கட்டிக்கொண்டு ஓட்டுகிற பழக்கம் வேண்டாம். அதே இழுப்பு புகையை நேராகப் பின்சீட்டுக்குக் கொண்டுவரும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பழைய பெட்ரோல் இன்ஜினில் அது கூடுதல். பின்சீட்டில் பிள்ளைகள் தூங்குகிறார்கள் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். நீளமான சாமான் கூரைக்குப் போகட்டும்.

இனி, பார்க்கப் போகும்போது என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறேன். இந்த வண்டிகளுக்கு வயது முப்பத்தைந்துக்கு மேல். எந்த வகைக் கதவு என்பதைவிட, அந்தக் கதவு எந்த நிலையில் இருக்கிறது என்பது விலையைத் தீர்மானிக்கும்.

ஒரு காந்தம், ஒரு டார்ச், நாலு துண்டுக் காகிதம் எடுத்துப் போங்கள். காந்தத்தைக் கதவின் கீழ்விளிம்பில் ஒரு சாண் விட்டு ஒரு சாண் வைத்துக்கொண்டே வாருங்கள். ஒட்டாமல் வழுகினால் அங்கே தகடு இல்லை, பட்டி இருக்கிறது. மேலே பெயின்ட் எவ்வளவு பளபளத்தாலும் சரி. இரண்டு வகைக் கதவும் அடியிலிருந்துதான் துருப்பிடிக்கின்றன, ஏனென்றால் கண்ணாடி ரப்பர் வழியாக இறங்கும் தண்ணீர் அங்கேதான் தேங்கும். கதவின் அடியில் தண்ணீர் வடியச் சின்ன ஓட்டைகள் இருக்கும். சேறு அடைத்திருக்கிறதா பாருங்கள். மெல்லிய கம்பியை விட்டுக் குத்தினால் ஈரமான செம்பொடி கொட்டினால், உள்ளே வேலை ஆரம்பித்து வருஷமாகிவிட்டது. டெயில்கேட் வண்டியில் மேல்பாதியின் கண்ணாடியைச் சுற்றி ரப்பரைக் கொஞ்சம் நெம்பிப் பாருங்கள், பெயின்ட் கொப்பளம் அங்கே ஒளிந்திருக்கும். துரு என்றதும் ஞாபகம் வருகிறது: பழைய ரேஞ்ச் ரோவருக்கு உடம்பின் பெரும்பகுதி அலுமினியம், ஆனால் டெயில்கேட் இரும்பு. உடம்பெல்லாம் நன்றாக இருக்க, கதவு மட்டும் கரைந்துபோன எத்தனையோ வண்டியைப் பார்க்கலாம்.

பார்ன் டோரைத் திறந்து, அதன் வெளிமுனையை இரண்டு கையாலும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். கடக் கடக்கென்று ஆடினால் கீல் பின் தேய்ந்திருக்கிறது, அதைச் சரிசெய்யலாம். கீல் திருகாணி பிடித்திருக்கிற மூலைத்தூணில் மயிரிழை விரிசல் இருந்தால் அது வேறு கதை. வண்டியின் உடம்பே அசைந்திருக்கிறது, பேரம் பேசக்கூட வேண்டாம், வந்துவிடுங்கள். டெயில்கேட்டில் கீழ்ப்பாதியைச் சாய்த்து, இரண்டு தாங்கியும் ஒரே சமயத்தில் இறுகுகின்றனவா என்று கவனியுங்கள். ஒன்று தொளதொளத்தால் கதவு முறுக்கியிருக்கிறது, மூடும்போது ஒரு மூலை மட்டும் வெளியே துருத்தும்.

பிறகு காகிதம். ரப்பருக்கு நடுவே ஒரு துண்டை வைத்துக் கதவை மூடி மெதுவாக இழுங்கள். பிடித்துக்கொண்டு வர வேண்டும். வழுக்கி வந்தால் அந்த இடத்தில் ரப்பர் இறுகிச் செத்துவிட்டது. நாலு மூலையிலும், பார்ன் டோர் என்றால் நடுக்கோட்டில் மேல், நடு, கீழ் என்றும் செய்யுங்கள். டிக்கியின் உள்பலகையைக் கழற்றச் சொல்லி டார்ச் அடித்தால் சிவப்புப் புழுதி எந்த வழியாக நுழைந்தது என்று கோடு போட்டுக் காட்டும். விற்கிறவர் துடைத்து வைக்க மறக்கிற இடம் அதுதான். வைப்பருக்கும் பின்கண்ணாடிச் சூட்டுக்கும் போகும் ஒயர் கீல் பக்கத்தில் மடங்கி மடங்கி உள்ளுக்குள் அறுந்திருக்கும், அதனால் இரண்டையும் போட்டுப் பாருங்கள். கடைசியாக ஸ்டெப்னியை இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். சங்கிலி துருப்பிடித்து இறுகிப்போன வண்டிகள் நிறைய உண்டு.

உங்களுக்கு எது என்று கேட்டால், இரண்டு வண்டியும் துருவில் சமமாக இருக்கும் பட்சத்தில், நான் பார்ன் டோர் எச்ஜே60 பக்கம். ட்ரெய்லரும் ஃப்ரிட்ஜும் இருக்கிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், இன்னும் இரண்டு வருஷத்தில் பின்பம்பரும் ஸ்டெப்னி கையும் வரும் என்று நான் சொல்கிறேன். டர்போ இல்லாத 4 லிட்டர் டீசல், மேடேறும்போது பொறுமை வேண்டும், ஆனால் அதற்காகக் கதவை விட்டுக்கொடுக்க மாட்டேன். ட்ரெய்லர் வருஷத்துக்கு ஒருமுறைதான் கிளம்பும், மற்ற நாளெல்லாம் கடற்கரையும் பூங்காவும் அம்மாவுமாகத்தான் போகும் என்றால் முடிவைத் திருப்பிப் போடுங்கள். அப்போது எஃப்ஜே62-வின் டெயில்கேட்தான் உங்கள் வண்டி. ஸ்டெப்னியை அடியிலேயே விடுங்கள், பின்பம்பர் ஆசையை ஒத்திப்போடுங்கள். எதுவானாலும் வண்டி பார்க்கப் போகும்போது ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு போங்கள். விற்கிறவர் வாசலிலேயே மாட்டிக் கதவைத் திறந்து பார்த்துவிடலாம். கொண்டுபோக முடியாது என்றால், கொக்கியிலிருந்து ஜாக்கி கைப்பிடி வரை தூரத்தையும் உயரத்தையும் டேப்பில் அளந்து எழுதிக்கொண்டு போங்கள்.

பின்னால் மாற்றிக்கொள்ளலாமா என்ற கேள்விக்கு: 60 சீரிஸில் அந்த எண்ணத்தோடு வாங்காதீர்கள். கதவைக் கழற்றி வேறு கதவு மாட்டுகிற வேலை இல்லை அது. பார்ன் டோரின் எடையை மூலைத்தூண் தாங்குகிறது, டெயில்கேட்டின் எடையைக் கூரையும் அடிச்சட்டமும் தாங்குகின்றன. கதவு உட்காரும் சட்டமே வேறு. உடைத்து விற்கிற யார்டில் ஒரு வண்டியின் பின்பகுதியை முழுசாக வெட்டி வாங்கி, உங்கள் வண்டியை வெட்டி, ஒட்டி, நேர்பிடித்து, பெயின்ட் அடிக்க வேண்டும். அதற்குள்ளும் துரு இல்லாத பின்பகுதி கிடைக்க வேண்டும். அந்தக் கூலிக்கு, பிடிக்காத வண்டியை விற்றுவிட்டுப் பிடித்த கதவுள்ள வண்டியை வாங்கி, மீதியில் நாலு டயரும் மாட்டிக்கொள்ளலாம்.